வாரத்துக்கு வந்த கோழி

ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. கருமத்தம்பட்டிக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குக் கூட்டம் போட்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் இங்கிலீஷில் நெடுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். காப்பித் தட்டு முன்வரிசையோடு திரும்பிப் போவதைப் பார்த்து நான் கையைத் தூக்கினேன். அதே நேரம் பார்த்து மேடைக்காரர், ஒரு வருடம் மலாவி நாட்டுக்குச் சம்பளமில்லாமல் போய் வர யார் தயார் என்று கேட்டிருக்கிறார். கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். எங்கள் பக்கம் மாலை போட்டவரிடம் மாட்டேன் என்று சொல்வது மரியாதை இல்லை. காப்பி கடைசி வரை வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் சம்சாரம் பங்காரம்மாவிடம் சொன்னேன். நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிக்கொள்வாள்.

"போய்ட்டு வாங்க," என்றாள் தமிழில். "கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்னு என்ற கொழம்புல உப்பு எத்தன விழுக்காடுன்னு பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, அங்க போயாச்சும் ஆருக்காச்சும் கணக்குச் சொல்லிக்குடுங்க."

மலாவியில் கசுங்கு என்று ஒரு டவுன். அங்கிருந்து பாதி தூரம் மினிபஸ்ஸில், மீதி தூரம் சைக்கிளின் பின்சீட்டில் போனால் என்னை அனுப்பிய கச்செரே கிராமம். வரைபடத்தில் தேட வேண்டாம். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

காலையில் அடிபம்பில் வரிசை நின்று தண்ணீர் பிடிக்க வேண்டும். வரிசையில் நான் ஒருவன்தான் ஆம்பளை. பெண்கள் என் குடத்தை வாங்கி முதலில் நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். மரியாதையா, கேலியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டு வேளையும் மக்காச்சோள மாவில் கிண்டிய களி. நம்ம ஊர்ச் சோளக்களிக்கு வெள்ளையடித்தது போல இருக்கும்.

வகுப்புகள் மாமரத்தடியில். காற்றுக் காலத்தில் ஒரு நாள் சுழற்காற்று வந்து மூன்றாம் வகுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் அலறிக்கொண்டு ஓடினேன். தலைமையாசிரியர் ம்பேவே நாற்காலியைவிட்டு எழவில்லை. "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்கள்," என்றார். வந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் வேறு பள்ளிக்கூடத்துப் பையன். திருப்பி அனுப்பினோம்.

நான் எந்த மொழியில் பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அதையும் பாடம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "யெஸ்ங்க சார்", "நோங்க சார்" என்று தொடங்கி, வாய்ப்பாடு சொன்னால்கூட "ஃபைவ் ஃபைவ்ஸ் ஆர் ட்வென்ட்டி ஃபைவ்ங்க" என்று மரமே அதிரும். டவுனிலிருந்து ஆய்வாளர் வந்தார். இது என்ன இங்கிலீஷ் என்று கேட்டார். மரியாதை இங்கிலீஷ் என்றேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தவர், வண்டியில் ஏறும்போது "குட்பைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்போன் சிக்னல் அந்த ஊரில் ஒரே ஓரிடத்தில்தான் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கரையான் புற்று, அதன் உச்சி. புற்று வளர வளரச் சிக்னலும் நன்றாக வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதன் மேல் ஏறி நின்று பங்காரம்மாவோடு வீடியோவில் பேசுவேன்.

எனக்குக் கொடுத்த வீட்டின் பக்கத்து அறையில் லிம்பானி இருந்தான். இளவட்டம். அதே பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். அப்பா அம்மா இல்லை. ஒரே ஒரு தாய்மாமன், அவரும் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனவர் போனவர்தான், தகவல் இல்லை. "உங்கள மாமான்னு கூப்பிடட்டுங்களா?" என்று வந்த புதிதிலேயே கேட்டான். கூப்பிட்டுக்கொள்ளட்டும், எனக்கென்ன செலவு என்று தலையாட்டினேன். அவன் பேசியது இங்கிலீஷ்தான். என் காதுக்குள் விழுந்ததும் அது கருமத்தம்பட்டிப் பேச்சாகிவிடும். எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

இப்போது கோழிக்கு வருகிறேன்.

நான் போய்ச் சேர்ந்த வாக்கிலேயே கச்சிங்வே என்ற பெரிய விவசாயி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். முதல் வகுப்பு ஆசிரியை தோக்கோவுக்கு அவர் தாய்மாமன். கையில் ஒரு பெட்டைக் கோழி. லிம்பானி டவுனுக்குப் போயிருந்த நேரம். அவர் தங்கள் மொழியில் நெடுக ஏதோ சொன்னார். நானும் எங்கள் மொழியில் நெடுகப் பதில் சொன்னேன். இருவரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டோம். கோழியை விட்டுவிட்டுப் போனார்.

எதற்கு விட்டிருப்பார்? எங்கள் பக்கம் இதில் குழப்பமே இல்லை. ஆடோ கோழியோ வைத்திருப்பவர், இடமும் நேரமும் இருக்கிற ஒருவரிடம் அதை வளர்க்க விடுவார். தாய் விட்டவருக்குச் சொந்தம். பிறக்கும் குட்டியோ குஞ்சோ ஆளுக்குப் பாதி. வாரத்துக்கு விடுவது என்பார்கள். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாரத்துக்கு வந்ததை அறுத்துத் தின்றவன் வீட்டில் அப்புறம் ஒருத்தரும் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நானோ சும்மா இருக்கிறவன், வாசலும் அகலம். ஆள் பார்த்துத்தான் விட்டிருக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

கூண்டு கட்டினேன். தவிடு வாங்கினேன். கச்சிங்வே சந்தை நாட்களில் அந்த வழியாகப் போவார். கோழி உயிரோடு உலாவுவதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிடும். உடம்பு இளைத்திருக்கிறது என்று நினைக்கிறாரோ என்று நான் கோழியைத் தூக்கி எடை பார்க்கச் சொல்லி நீட்டுவேன். பின்வாங்கிப் போய்விடுவார். விருந்தாளிக்குக் கோழி கொடுத்தால் அன்றைக்கே குழம்பு வைத்துச் சாப்பிடுவதுதான் அங்கே மரியாதை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கோழி அடைகாத்தது, குஞ்சு பொரித்தது. அதில் ஒன்று சேவலாகி நின்றது பாருங்கள், அப்படி ஒரு சேவல். அது கூவினால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பார்கள்.

நான் ஊர் திரும்ப ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் வாரக் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். இந்த யோசனையில் நான் குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், லிம்பானி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ நீளமாகச் சொன்னான். எனக்கு எது பெட்டை எது சேவல் என்பதிலேயே கண்.

"நீங்க மனசு வெச்சாத்தானுங்க மாமா ஆகும்," என்று முடித்தான்.

"பாத்துக்கலாம் கண்ணு, செஞ்சுபோடலாம்," என்றேன். எங்கள் ஊரில் யார் எதைக் கேட்டாலும் சொல்வது இதுதான்.

மறுநாள், "கச்சிங்வே ஊட்டுக்குப் போலாம், சைக்கிள எடு. சேவலையும் எடுத்துக்க," என்றேன். லிம்பானி என்னையே பார்த்தான். கண் கலங்கிவிட்டது. உள்ளே ஓடிப் போய் டை கட்டிக்கொண்டு வந்தான். கோழி கொடுக்கப் போவதற்கு டை எதற்கு? அந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று நானும் பெட்டியிலிருந்து சரிகை வேட்டியை எடுத்துக் கட்டினேன்.

கச்சிங்வே வாசலில் பெண்கள் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேரே போய், இரண்டு கையாலும் சேவலை அவரிடம் நீட்டினேன். "உங்க பங்குங்க," என்றேன். அவர் சேவலைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். மெதுவாக வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் எழுந்து நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். தோக்கோ முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கணக்கைச் சரியாகத் தீர்க்கிற மனிதரை இந்த ஊர் இப்படியா கொண்டாடுகிறது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் அடிபம்பில் பெண்கள் என் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆடினார்கள். தலைமையாசிரியர் ம்பேவே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சனிக்கிழமை நிச்சயம். ஊரே வரும்," என்றார்.

"ஆருக்குங்க?"

"தோக்கோவுக்கு. சேவல் கொண்டு போனது நீங்கள்தானே?" என்று சிரித்தார். அந்த ஊரில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சேவல் கொடுத்தால் பெண் கேட்பதாக அர்த்தமாம். அவர்கள் வாங்கிக்கொண்டால் சம்மதமாம்.

எனக்கு வயது அறுபத்தாறு. ஊரில் சம்சாரம், பேரன் பேத்தி. சனிக்கிழமைக்கு மூன்று நாள். வேண்டாம் என்றால் அந்தப் பெண்ணுக்கு அவமானம். சரி என்றால், பங்காரம்மா எந்த மொழியில் பேசுவாள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு வரை காத்திருக்க முடியுமா? புற்றின் மேல் ஏறிக் கூப்பிட்டேன். திரையில் பங்காரம்மா வந்தாள். பின்னால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்.

"பங்காரு, ஒண்ணு ஆகிப்போச்சு. கோபப்படாத."

"பாஸ்போர்ட்ட தொலச்சுப்போட்டீங்களா?"

"இல்ல. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிப்போச்சு."

போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டு வந்தாள். பிறகு தமிழில் தொடங்கினாள்.

"ஏனுங்க, வெயில்ல தொப்பி போட்டுட்டுப் போகச் சொன்னனா இல்லையா?"

நான் கோழியிலிருந்து குலவை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. கடைசியில் கேட்டாள்: "அந்தப் பையன் எதுக்குங்க டை கட்டுனான்?"

"மரியாதைக்குத்தான்."

"சேவலத் தூக்கிட்டுப் போறதுக்கு டையா? அவன் கண்ணு கலங்குச்சுன்னு வேற சொல்றீங்க. முந்தின நாள் உங்ககிட்ட வந்து என்னத்தச் சொன்னான்?"

"அதக் கவனிக்கலியே."

"நாப்பது வருசமா நான் சொல்றதையும் அப்படித்தானுங்க. உங்க மூஞ்சிக்கு எவ வருவா? மாப்பிள்ள அந்தப் பையன். நீங்க மாமனாப் போயிருக்கீங்க. எறங்கி அவனப் போய்க் கேளுங்க. விழுந்துபோடாதீங்க."

இறங்கினேன். லிம்பானி வெள்ளைச் சட்டைக்குக் கரி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கேட்டேன். அப்படித்தானாம். அவனும் தோக்கோவும் ரொம்ப நாளாக ஒருவர் மேல் ஒருவர் மனசு வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் வந்து கேட்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள். மாமன் இல்லாதவன் வாசல்படி ஏற முடியாது. அதைத்தான் அன்றைக்கு என்னிடம் சொல்லியிருக்கிறான்.

எனக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது. மறுபக்கம் குழப்பம் கூடியது.

"கண்ணு, அந்தச் சேவல் வாரத்துச் சேவல். அவரு பங்கத்தான் நான் குடுத்தேன்," என்றேன்.

வாரம் என்றால் என்ன என்று அவனுக்கு விளக்கினேன். இஸ்திரிப் பெட்டியை அப்படியே கீழே வைத்தான்.

"அதச் சொல்லிப்போடாதீங்க மாமா. நாங்க கேலி பண்ணிட்டோம்னு ஆகிப்போகும். அப்புறம் தோக்கோவ எனக்குத் தரவே மாட்டாங்க." சட்டையை மடித்துக்கொண்டே, "இன்னொண்ணும் இருக்குதுங்க. மாமனா நின்னவரு கல்யாணத்தோட போயிர முடியாது. எங்களுக்குள்ள எப்பச் சண்டை வந்தாலும் அவருதான் வந்து தீக்கணும். கடைசி வரைக்கும்."

நானோ அடுத்த மாதம் விமானம் ஏறுகிறவன். பொய்யாக மாமனாக நிற்பதா? உண்மையைச் சொல்லி இவன் கல்யாணத்தைக் கெடுப்பதா? அதோடு, சேவல் கல்யாணத்துக்குப் போய்விட்டால் வாரக் கணக்கில் கச்சிங்வேக்கு நான் இன்னும் பாக்கி. இதை எந்தப் பக்கம் வைத்துக் கூட்டினாலும் மீதி வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை கச்சிங்வே வாசலில் ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தோக்கோவின் அம்மா எஸ்னாத் நடுவில். கச்சிங்வேக்கு அக்கா. அகலமான அம்மாள், சிரிக்கவே இல்லை. லிம்பானி எனக்குப் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தான். ம்பேவே மொழிபெயர்த்தார்.

கச்சிங்வே எழுந்தார். "இந்தப் பையனுக்குப் பின்னால் நிற்பது யார்?"

நான் எழுந்தேன். வாயில் வந்தது பாதி உண்மை. "நானுங்க. அவன் என்ற பக்கத்து அறைப் பையன். நல்ல பையனுங்க. ஒரு வருசம் பாத்துட்டேன், ஒரு குத்தம் சொல்ல முடியாது."

ம்பேவே சொன்னார். சரசரவென்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு கிழவர் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஏதோ கத்தினார்.

"அவர் என்ன சொல்கிறார் என்றால்," என்றார் ம்பேவே, "இந்த மாமா அடுத்த மாதம் கடல் தாண்டிப் போகிறவர். புருசன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் யாரைக் கூப்பிடுவது? ஜோகன்னஸ்பர்க் மாமாவே வரட்டும், அதுவரை பொறுக்கலாம் என்கிறார்."

கச்சிங்வேயும் அதற்குத் தலையாட்டினார். லிம்பானியின் கை என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். வராத மாமனுக்காகக் காத்திருப்பது என்றால் இந்தக் கல்யாணம் நடக்காது என்று அந்த வாசலில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் இப்படிப் பேச்சு முறியும் நேரத்தில் ஆண்கள் செய்வது ஒன்றே ஒன்று. நானும் அதைத்தான் செய்தேன்.

"ஊட்ல கேட்டுச் சொல்றனுங்க," என்றேன்.

ம்பேவே இதை மொழிபெயர்த்ததும் பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எஸ்னாத் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "கூப்பிடுங்கள். நானே பேசுகிறேன்," என்றாளாம்.

சிக்னல் புற்றின் மேல்தான். கல்யாணக் கூட்டம் முழுவதும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நடந்தது. கச்சிங்வே சேவலையும் இடுக்கிக்கொண்டு வந்தார். எஸ்னாத்தை நாலு பெண்கள் கீழிருந்து தள்ளிப் புற்றின் மேல் ஏற்றினார்கள். நானும் ஏறி எண்ணைப் போட்டு, "பங்காரு, பொண்ணோட அம்மா," என்று மட்டும் சொல்லிப் போனை நீட்டினேன்.

அடுத்து நடந்தது எனக்கு விளங்கவில்லை. பங்காரம்மாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. எஸ்னாத்துக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். முதலில் எஸ்னாத் விரலை ஆட்டி ஏதோ கேட்டாள். பங்காரம்மாவும் விரலை ஆட்டினாள். எஸ்னாத் தோக்கோவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினாள். பங்காரம்மா அவளைத் திரும்பச் சொல்லி ஜடையைப் பார்த்தாள். பிறகு லிம்பானியை மேலே ஏற்றினார்கள். பங்காரம்மா அவனைத் தமிழில் திட்டுவது கீழே வரை கேட்டது. அவன் "யெஸ்ங்க, யெஸ்ங்க" என்றான். எஸ்னாத் சிரித்தாள். அப்புறம் அழுதாள். பங்காரம்மாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எஸ்னாத் மேலிருந்தே தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னாள். கச்சிங்வே சேவலைக் கைமாற்றிக்கொண்டு லிம்பானியின் கையைப் பிடித்தார். புற்றைச் சுற்றிக் குலவை கிளம்பியது. கைத்தடிக் கிழவர்தான் முதலில் ஆடினார்.

போனை வாங்கிக் காதில் வைத்தேன். "என்ன சொன்ன?"

"சண்ட வந்தா எனக்குப் போன் பண்ணச் சொல்லு, ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

"எந்த மொழியில?"

"சண்டையப் பத்திப் பேசறப்ப எந்த மொழியிலங்க பேசுவேன்?"

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்?" என்றாள். போனில் சார்ஜ் போய்விட்டது.

நான் ஊர் திரும்பி ஆறு மாதமாகிறது. வாரக் கணக்கைப் பற்றி ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் எஸ்னாத் போன் செய்கிறாள். போன வாரம் லிம்பானிக்கும் தோக்கோவுக்கும் ஏதோ தகராறு. பங்காரம்மா முக்கால் மணி நேரம் பேசினாள். நடுவில் லிம்பானியும் வந்து ஏதோ புலம்பினான். நான் மாமன் என்ற முறையில் கழுத்தை நீட்டி, "என்ன விசயம்?" என்று கேட்டேன்.

பங்காரம்மா போனை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "குடும்ப விசயமுங்க. உங்களுக்குப் புரியாது. சித்த வெளிய இருங்க."